மூக்குப் பாரம்

தவளையின் முன்சக்கரங்கள் டிரெய்லரின் முன்பலகையைத் தொடவில்லை. ஒன்றரைச் சாண் இடைவெளி இருக்கும்போதே அவர் எஞ்சினை அணைத்துவிட்டார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உடனே இறங்காமல் சீட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அவள் கண்ணில் அந்த இடைவெளி பளிச்சென்று பட்டது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து, கருமணிக்கும் வில்லையின் நடுவுக்கும் மயிரிழை வித்தியாசம் வராமல் பார்த்துப் பார்த்து ஃபிரேம் மாட்டுகிறவள் அவள். அவளிடமிருந்து ஒன்றரைச் சாண் தப்புமா? சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

"டீ போடட்டுமா?"

"போடு," என்றார் அவர், திரும்பாமல்.

தவளை என்பது நான்கு தடித்த சக்கரங்களும் மோட்டார் பைக்குக்கு இருப்பது போன்ற கைப்பிடியும் கொண்ட வண்டி. மணல்மேடு, சேறு, கல்லும் கரடுமான ஆற்றுப்படுகை, எதுவானாலும் ஏறி இறங்கிவிடும். ஒழுங்கான தார்ரோட்டில் ஓட்டத்தான் அதற்கு அனுமதியில்லை. அதன் பச்சை நிறத்தையும் அது எகிறிக் குதிக்கும் அழகையும் பார்த்து, அப்போது சின்னவளாக இருந்த மகள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. எங்கே போவதானாலும் டிரெய்லரில் ஏற்றி, நாலு பக்கமும் பட்டை போட்டுக் கட்டி, வீட்டிலிருக்கும் எஸ்யூவியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். "தொரை நடக்க மாட்டாரு, பல்லக்குலதான் போவாரு," என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அவரேதான் சிரிப்பார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் யாரைக் கேட்டாலும் "லிஃப்ட்காரர் வீடு" என்றுதான் வழி சொல்வார்கள். வாரம் முழுக்க அடுக்குமாடிகளின் இருட்டுப் பொந்துகளில் இரும்புக் கயிற்றையும் பிரேக்கையும் தடவிக்கொண்டிருந்த மனிதர், லீவு நாள் வந்தால் தலைக்கு மேலே கூரையே இல்லாத இடமாகத் தேடிப் போவார். அதற்கு அவருக்குத் தவளை வேண்டியிருந்தது. தொழிலின் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. அடுத்தவர் போட்ட முடிச்சை அவர் நம்பியதே கிடையாது. துணி காயப்போடும் கொடியை அவள் கட்டினால்கூட அவிழ்த்து மறுபடி கட்டுவார். டிரெய்லர் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் நிற்கிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பாடம் ஆரம்பமாகிவிடும். "மூக்குல பாரம் இருக்கணும். மூக்குன்னா எது? காரோட மாட்டியிருக்கே, அந்த முனை. வண்டிய முன்னாடி தள்ளி ஏத்தினா முனை கார அழுத்தும். காரோட பின்பக்கம் லேசா உக்காரும். அப்பத்தான் அது ஒழுங்கா கூட வரும். பின்னாடி தள்ளி ஏத்தினீங்கன்னா பாரமெல்லாம் வாலுக்குப் போயிடும். அப்புறம் நீங்க அத இழுக்க மாட்டீங்க, அதுதான் உங்கள இழுக்கும்." கல்யாணமாகி வந்த வீட்டில் அவள் அதிகம் கேட்ட வசனம் இதுவாகத்தான் இருக்கும். எத்தனை முறை "சரிங்க, புரிஞ்சுது" என்று சொல்லியிருப்பாளோ.

நோய் அவருடைய வலது கைக் கட்டைவிரலில் ஆரம்பித்தது. தவளையின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வலது கைப்பிடிக்குக் கீழே இருக்கும் சின்ன நெம்பு. அதைக் கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும். இருக்கிற பத்து விரலில் பார்த்துப் பார்த்து இதைப் பிடித்துக்கொண்டதே என்று அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். முதலில் சும்மா இருக்கும்போது மட்டும் துடித்த விரல், பிறகு மணிக்கட்டுவரை ஆட்டத்தைக் கொண்டுவந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், காரோட்ட வேண்டாம் என்றார். காரை விட்டுக்கொடுத்தவர் தவளையை மட்டும் விடவில்லை. கொல்லைப்புறத்தில் சும்மா ஒரு சுற்று விடுகிறேன் என்று போனவர், விரல் சொன்னபடி கேட்காமல் வண்டி எகிறிப்போய் ஷெட் கதவில் மோதினார். கதவு உள்வாங்கிப்போனது. அவருக்கு நல்லவேளையாக ஒன்றுமில்லை. "கை வழுக்கிடுச்சு," என்றார். அன்று சாயங்காலமே தன் கூட்டாளிக்குப் போன் போட்டார். உடம்பெல்லாம் முடி என்பதால் கரடி என்று பெயர் வாங்கிய அந்த மனிதர், மலைக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருந்தார். மணல்மேட்டில் இவரோடு உருண்டு புரண்டவர். "தவளைய நீ வெச்சுக்கடா. சும்மா நின்னா துருப்புடிச்சிடும்," என்றார் இவர். கரடி அந்தப் பக்கத்திலிருந்து, தானே வந்து எடுத்துப்போவதாக எவ்வளவோ சொன்னார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏத்தறதும் நான், கட்டறதும் நான், கொண்டுவந்து எறக்கறதும் நான். காரோட்டறது மட்டும்தான் அவ."

தலைகீழாக நின்றாலும் இதில் அவரை மாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரியும். மகள் போனில் கத்தினாள். "கடைசில ஒரு தடவ அவர் கையால செய்யணும்னு ஆசப்படறாரு, விடுடி," என்று அவள் மகளை அடக்கினாள். அவள் வேறு வழியில் அவரைக் காப்பாற்றிப் பழகியிருந்தாள். ஊறுகாய் பாட்டில், மாத்திரை டப்பா, தண்ணீர் பாட்டில் என்று வீட்டில் இருந்த மூடிகளையெல்லாம் காலையில் எழுந்ததும் ஒருமுறை தளர்த்திவைத்துவிடுவாள். டீயை முக்கால் கோப்பைக்கு மேல் ஊற்றமாட்டாள். கயிறு கட்டும் ஷூ அலமாரியின் பின்னால் போய், நுழைத்துக்கொண்டு போகும் செருப்பு முன்னால் வந்தது. அவர் ஒன்றையும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இருவரும் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டார்கள்.

டீ கொதித்து, ஆறி, மறுபடி சூடாகியது. சமையலறை ஜன்னலிலிருந்து அவர் பட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் டிக் டிக்கென்று இறுகும் பட்டை. முன்பெல்லாம் அந்தச் சத்தம் தையல் மிஷின்போல விடாமல் கேட்கும். இன்று ஒரு டிக் கேட்டது, பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொன்று. உதவிக்குப் போகலாம் என்று அவள் கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிர்ந்தபோது முகமெல்லாம் வியர்த்திருந்தது. பரீட்சை எழுதி முடித்த பையனின் முகம்போல ஒரு தெளிவு அதில் இருந்ததையும் அவள் பார்த்தாள்.

பாதுகாப்புச் சங்கிலிகளை முனைக்குக் கீழே குறுக்காக மாட்டினார். விளக்குக்கான ஒயரைச் சொருகினார். "ஏறி உக்காந்து லைட்டப் போடு," என்றார். அவள் ஒவ்வொன்றாகப் போட, அவர் பின்னால் நின்று, "வலது... இடது... பிரேக்க மிதி... ம், எரியுது," என்று சொன்னார். குரலில் பழைய அதிகாரம் இருந்தது. இதற்குப் பிறகு அவர் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய், தலையைச் சாய்த்து, காரின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பார்வை முடியாமல் அவர்கள் வண்டி எந்தப் பயணமும் கிளம்பியதில்லை. இன்று அவர் தெருவைக் கடக்கவில்லை. நேராக வந்து கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவருக்கும் தெரியும் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முன்பலகையில் இடித்துவிடுமோ என்ற பயத்தில் முன்னாலேயே நிறுத்திவிட்டார். இன்னொரு முறை எஞ்சினைப் போட்டு அந்த விரலை அந்த நெம்பின்மேல் வைக்க அவருக்குத் தைரியமில்லை. இப்போது அவள், "கொஞ்சம் பின்னாடி இருக்கே" என்று சொன்னால் அவர் இறங்கித்தான் ஆக வேண்டும். ஏறித்தான் ஆக வேண்டும். அல்லது, முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியாது. மெதுவாகப் போனால் ஆயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

ஊருக்குள் ஒரு சிரமமும் இல்லை. திருப்பங்களில் அகலமாக எடுத்தாள். மேடு பள்ளம் வந்தால் ஊர்ந்து போனாள். ஆனால் பின்னால் இழுபடும் பாரம் எப்படி இருக்கும் என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. இது அப்படி இல்லை. பிரேக் பிடித்து விடும்போது பின்பக்கத்தை யாரோ லேசாகத் தூக்கி விடுவதுபோல இருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் ஒரு பெட்ரோல் பங்க் வரும். பட்டைகள் ஓட்டத்தில் தளர்ந்திருக்கின்றனவா என்று நிறுத்திப் பார்ப்பது அங்கேதான். எந்த அவசரத்திலும் அவர் அதைத் தாண்டியதில்லை. பங்க்கின் போர்டு தெரிந்ததும் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"பங்க் வருது."

"ஆமா."

"நிறுத்தவா?"

"உனக்கு பாத்ரூம் போகணுமா?"

"இல்ல."

"அப்ப போ," என்று சொல்லிவிட்டு அவர் தன் பக்கத்து ஜன்னல் வழியே வெறும் வயலைப் பார்த்தார். பங்க் பின்னால் போனது. நிறுத்தினால் இருவரும் இறங்கி அந்த ஒன்றரைச் சாணைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு இருவருமே தயாராக இல்லை.

மலையேறும்வரை ஒன்றும் நடக்கவில்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விட ஆரம்பித்திருந்தாள். கரடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் தவளையை இறக்கும்போது தானே ஏறி உட்கார வேண்டியிருக்குமோ என்றுகூட யோசித்தாள். உச்சியைத் தாண்டியதும் ரோடு நீளமாக, நேராக, கீழே இறங்கியது. அடியில் சமதரை தெரிந்தது. அவள் மெதுவாகத்தான் இறங்கினாள். ஆனால் இறக்கத்துக்கு அது போதவில்லை; தானாகவே வேகம் ஏறியது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கண்டெய்னர் லாரி அவர்களைத் தாண்டிப் போனது. லாரியின் காற்று முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. டிரெய்லரின் வால் ஒருமுறை அசைந்தது. அவள் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினாள். வால் இந்தப் பக்கம் வந்தது. மறுபடி திருப்பினாள். வால் இன்னும் பெரிதாக வீசிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. கார் முழுதும் இடுப்பொடிந்த மாட்டைப்போல நெளிந்தது. கண்ணாடியில், அடுத்த தடத்தில் ஒரு சின்னக் கார் வருவதை அவள் பார்த்தாள். முன்சீட்டில் ஒரு ஆள். பின்சீட்டில் ஒரு குழந்தையின் தலை. டிரெய்லரின் வால் அந்தக் காரை நோக்கிப் போவதையும் பார்த்தாள். கால் பிரேக்கைத் தேடியது.

"பிரேக்கத் தொடாத."

அது அவர் குரல்தான். ஆனால் சமீபத்தில் அவள் கேட்காத குரல். கரண்ட் போய் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவின் இடுக்கு வழியாக அவர் பேசும் குரல். மேலும் இல்லை, கீழும் இல்லை, ஒரே மட்டமாக வந்தது.

"ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடு. ஸ்டியரிங்க நேரா புடி. திருப்பாத. அது ஆடினா ஆடட்டும். நீ ஆடாத."

"கார் வருதுங்க... கொழந்த..."

"அவன் பாத்துட்டான், பின்னாடி போறான். நீ முன்னாடி பாரு. நேரா புடி. கீழ சமதரை வருது. அதுவரைக்கும் புடிச்சிருந்தா போதும். அவ்ளோதான். புடி."

அவள் பிடித்தாள். பின்னால் அந்தப் பச்சை வண்டியும் இரும்புப் பலகையுமாக ஒரு பாரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டு வர, ஒன்றுமே செய்யாமல் நேராகப் பிடித்துக்கொண்டிருப்பது போன்ற கஷ்டம் உலகத்தில் வேறு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கை விரல்கள் மரத்துப்போயின. அவர், "புடி, புடி, ம், அப்படித்தான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீச்சு கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தது. சமதரை வந்ததும் வால் ஒருமுறை சோம்பலாக அசைந்துவிட்டு, தன் இடத்துக்கு வந்து நின்றது.

ரோட்டோரம் லாரிகள் நிற்பதற்கென்று ஒரு சிமெண்ட் தரை இருந்தது. அங்கே ஊர்ந்து வந்து நிறுத்தினாள். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன உயிர் இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. அவர் மறுபக்கம் இறங்கி மெல்ல நடந்து பின்னால் வந்தார்.

அவர்களுக்குப் பின்னாலேயே அந்தச் சின்னக் காரும் வந்து நின்றது. இறங்கி வந்த ஆளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். முகம் வெளுத்திருந்தது. கோபத்தில் வெளுத்ததா, பயத்தில் வெளுத்ததா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"யாருங்க இத கட்டினது? அறிவு வேணாமா? எம்பொண்ணு உள்ள இருக்கா. ஒரு அடி... ஒரு அடி இந்தப் பக்கம் வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? யாரு கட்டினது?"

"நான்தாங்க," என்றாள் அவள். யோசிக்கவே இல்லை. காலையில் எழுந்ததும் மூடிக்குக் கை போவதுபோல வாய் போனது. "நான்தான் கட்டினேன். எனக்குப் பழக்கமில்ல. மன்னிச்சுக்கங்க."

"அவ இல்ல."

அவர் முன்னால் வந்தார். வலது கை தொடையோரம் துடித்துக்கொண்டிருந்தது. வெளியாட்கள் எதிரில் அந்தக் கையைப் பைக்குள் விட்டுக்கொள்வது அவர் வழக்கம். இப்போது விட்டுக்கொள்ளவில்லை.

"நான் கட்டினேன் தம்பி. வண்டிய முன்னாடி தள்ளி ஏத்தியிருக்கணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன். அவளுக்கு இதுல சம்பந்தமில்ல. உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?"

அந்த ஆள் இவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு அந்தக் கையைப் பார்த்தான். சொல்ல இன்னும் நிறைய வைத்திருந்தான் என்பது தெரிந்தது. "பாத்துப் போங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். பின்சீட்டிலிருந்த பெண் குழந்தை, கார் திரும்பும்வரை தவளையையே பார்த்துக்கொண்டு போனது.

கார் மறைந்ததும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு நீன்னு சொன்ன?"

அவள் டிரெய்லரின் பக்கம் திரும்பினாள்.

"மூடியத் தளர்த்தி வைக்கிறது மாதிரியா இது?"

அவளுக்குக் காது வரைக்கும் சூடாகியது. இத்தனை நாளும் தெரிந்துதான் திறந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலமாகத் திருகுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு திறந்திருக்கிறார். வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் முந்திக்கொண்டது.

"நான் காலையிலயே பாத்தேன். முன்னாடி எடம் இருந்தத பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவர் டிரெய்லரின் சக்கரக் கவசத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தகரத்தின்மேல் விரல் தட்டும் சத்தம் கேட்டது.

"சொன்னா, இனிமே நீங்க எதையும் தொட வேணாம்னு சொல்லிடுவ."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா? சொல்லிடக் கூடாதுன்னுதான வாயப் பொத்திக்கிட்டு வந்தேன்! செத்திருப்போங்க. நாம செத்தாலும் போகட்டும். அந்தக் கொழந்த..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் அவளைத் தேற்றவில்லை. தேற்றும் யோக்கியதை தனக்கில்லை என்று நினைத்தாரோ என்னவோ. அழுது முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு முழுக்கைச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டார்.

"வா. முன்னாடி தள்ளிடலாம்."

"எஞ்சின் போடணுமா?"

"வேணாம். நியூட்ரல்ல போட்டுத் தள்ளினா போகும். தரை மட்டமாத்தான் இருக்கு." அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். பின்பட்டைகளைத் தளர்த்தினாள். முன்பட்டைக்குக் கை போனபோது தடுத்தார். "முழுசா கழட்டாத. தேவையான அளவுக்கு லூஸ் பண்ணு, போதும். வண்டி பின்னாடி உருண்டா அதுதான் புடிக்கும். நாம ரெண்டு பேரும் பின்னாடிதான் நிக்கப் போறோம்." சாய்பலகையை இறக்கி, அதன்மேல் ஏறித் தவளையின் பின்னால் இருவரும் நின்றார்கள். அவர் கையால் தள்ளவில்லை. திரும்பித் தோளைக் கொடுத்தார். அவளும் தோளைக் கொடுத்தாள். இரண்டு பேரின் முகமும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஆகிவிட்டது. இவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தை வெளிச்சத்தில் பார்த்து வெகு நாளாகிறது என்று அவள் நினைத்தாள். முகத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் விறைத்துப்போயிருந்தது. தோள் நடுங்கவே இல்லை. அது பழைய தோளாகவே இருந்தது.

"தள்ளு."

முதலில் அசையவில்லை. பிறகு தடித்த சக்கரங்கள் ஒரு முனகலோடு உருண்டன. ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை. அவர் "ம்... ம்..." என்று மூச்சுவிட்டார். முன்பலகையில் டப்பென்று முட்டி நின்றது. கைபிரேக்கைப் போட்டுவிட்டு அவள் மூச்சு வாங்கினாள்.

பட்டையின் கைப்பிடியை அவர்தான் முதலில் எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார். "நீ முறுக்கு. வண்டி கொஞ்சம் அமுங்கற வரைக்கும் முறுக்கணும். ரொம்ப முறுக்கிடாத." அவள் டிக் டிக்கென்று முறுக்கினாள். நாலு பட்டையும் முடிந்ததும் அவர் ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றில் மட்டும், "இன்னும் ரெண்டு டிக்," என்றார். அவிழ்த்து மறுபடி கட்டவில்லை. சிமெண்ட் தரையின் அந்தக் கோடிவரை நடந்துபோய், தலையைச் சாய்த்துக் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"உக்காந்திருக்கு," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

அவள் டிரைவர் சீட்டில் ஏறி, கதவைச் சாத்தாமல், தண்ணீர் குடித்தாள். மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் மடித்த கைகளை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார். வலது கைப் பொத்தானை இடது கையால் எப்படியோ போட்டுவிட்டார். இடது கைப் பொத்தானுக்கு வலது கை வேண்டும். ஒருமுறை முயன்றார். நின்று, கையைக் காரின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, இன்னொரு முறை முயன்றார். அவள் பார்வையை விலக்கிக்கொள்ளலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவர் தன் கதவுக்குப் போகாமல் அவள் பக்கம் வந்து நின்றார். இடது கையை நீட்டினார்.

"இத போட்டு விடு."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் வாயிலிருந்து இந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். ஓட்டையை ஒரு விரலால் விரித்து, பொத்தானை இன்னொரு விரலால் தள்ளினாள். அது நழுவியது. அப்போதுதான் தன் விரல்களைக் கவனித்தாள். நாள் முழுக்கக் கடுகைவிடச் சின்ன ஆணியை அசையாமல் பிடித்து மாட்டும் விரல்கள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. ரோட்டில் வராத நடுக்கம், தள்ளும்போது வராத நடுக்கம், எல்லாம் முடிந்தபிறகு இப்போது வந்திருந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் நழுவியது.

ஒரு லாரி போனது. அதன் காற்றில் அவர் சட்டை படபடத்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வலது கை தொடையோரம் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்க, இடது கையை மட்டும் அவளுக்கு நேராக அசையாமல் நீட்டிக்கொண்டு நின்றார்.

"மெதுவா போடு," என்றார். "அவசரமில்ல."

அவள் குனிந்து, பொத்தானை மூன்றாம் முறையாக ஓட்டையின் விளிம்புக்குக் கொண்டுபோனாள்.